பலிபீடத்தை நெருங்கத் தகுந்தவர் யார்?

கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், இரண்டாம் யெரொபெயாம் அரசாண்ட காலத்தில், வட இஸ்ரவேல் நல்ல செழிப்பில் இருந்தது. வடக்கே தமஸ்கு தளர்ந்து போயிருந்தது. அசீரியா தன் சொந்தச் சிக்கல்களில் சிக்கிக் கிடந்தது. தலைநகர் சமாரியாவின் அரண்மனை மேட்டை 1910-இல் அகழ்ந்தவர்களுக்கு, மையால் எழுதிய மண்ணோட்டுச் சில்லுகள் கிடைத்தன. எந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து, யார் பேருக்கு ஒரு சாடி பழைய திராட்சரசம் வந்தது, ஒரு சாடி நல்ல எண்ணெய் வந்தது என்று எழுதி வைத்த கணக்குகள் அவை. பெரும்பாலும் யெரொபெயாமின் காலத்தவை. பின்னர் 1930-களில் அங்கே தோண்டியவர்கள் மரச்சாமான்களில் பதிக்கப்பட்டிருந்த தந்தச் சிற்பத் துண்டுகளை அள்ளி எடுத்தார்கள். கோயில்களும் வெறிச்சோடிக் கிடக்கவில்லை. பெத்தேலிலும் கில்காலிலும் பலிகள் குறைவின்றி நடந்தன. தெற்கே பெயெர்செபா வரை யாத்திரை போனார்கள். தசமபாகமும் உற்சாக பலியும் தவறாமல் வந்து சேர்ந்தன. பாட்டும் வீணையும் ஒலித்தன. இவ்வளவு பக்தியான ஒரு சமூகத்தின் நடுவில் நின்றுதான், யூதாவின் தெக்கோவாவிலிருந்து வந்த ஆமோஸ் என்ற ஆடுமாடு வளர்ப்பவர், உங்கள் பண்டிகைகளைக் கடவுள் வெறுக்கிறார் என்று அறிவித்தார்.

இந்த அறிவிப்பை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 1878-இல் ஜெர்மானிய அறிஞர் யூலியுஸ் வெல்ஹௌசன் இஸ்ரவேலின் வரலாற்றைப் பற்றி எழுதிய நூல், ஆசாரியச் சட்டங்கள் பெரும்பாலும் தீர்க்கதரிசிகளுக்குப் பிற்பட்டவை என்று வாதிட்டது. அந்த வாதத்தின் நிழலில் ஒரு சித்திரம் பரவியது: தீர்க்கதரிசிகள் சடங்கின் எதிரிகள், அவர்கள் கண்டெடுத்தது பலிபீடம் இல்லாத, மனசாட்சியை மட்டும் நம்பிய ஒரு தூய மதம், அதற்குப் பின் வந்த ஆசாரியர்கள் அதை மீண்டும் இரத்தத்திலும் தூபத்திலும் மூழ்கடித்துவிட்டார்கள். இன்றும் பிரசங்கங்களிலும் பாடப்புத்தகங்களிலும் இந்தச் சித்திரம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பலியிடும் மதங்கள் அனைத்தின் மேலும் கசப்புக் கொண்டவர்களுக்கு இது உவப்பாக இருக்கிறது. ஆனால் தீர்க்கதரிசிகளின் சொற்களை அவை சொல்லப்பட்ட இடத்தோடும் காரணத்தோடும் சேர்த்துப் படித்தால் இந்தச் சித்திரம் நிற்காது. பலி வேண்டுமா வேண்டாமா என்பது அவர்களுடைய கேள்வியே அல்ல. பலியோடு வருகிறவன் யார், அவன் கையில் இருப்பது எங்கிருந்து வந்தது, அதைக் கொண்டு கடவுளை நெருங்க அவனுக்கு உரிமை உண்டா என்பதுதான் கேள்வி.

ஆமோஸ் சுமத்தும் குற்றங்களில் ஒன்றை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். அடகாக வாங்கிய வஸ்திரங்களை விரித்து, ஒவ்வொரு பலிபீடத்தின் அருகிலும் சிலர் சாய்ந்து படுத்திருக்கிறார்கள். அபராதமாகப் பறித்த திராட்சரசத்தைத் தங்கள் தேவனுடைய வீட்டில் குடிக்கிறார்கள். மேலோட்டமாகப் படித்தால் இது ஏதோ களியாட்டத்தின் வருணனை போலத் தோன்றும். அந்த வஸ்திரம் என்ன என்று தெரிந்தால்தான் சூடு புரியும். பகலில் மேலே போர்த்துகிற கனத்த துணிதான் ஏழைக்கு இரவில் போர்வை. யாத்திராகமத்தில் உள்ள பழைய சட்டத் தொகுப்பு, அதை அடகாக வாங்கினால் சூரியன் மறையும் முன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. வேறு போர்வை இல்லாதவன் எதைப் போர்த்திப் படுப்பான் என்று காரணமும் சொல்லி, அவன் முறையிட்டால் கடவுள் கேட்பார் என்று முடிக்கிறது. உபாகமம் இன்னும் ஒரு படி போய், கடன் கொடுத்தவன் அடகை எடுக்க வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நின்று காத்திருக்க வேண்டும் என்கிறது.

இதெல்லாம் ஏட்டுச் சட்டம் மட்டும்தானா என்று ஐயப்படுகிறவர்களுக்கு ஒரு மண்ணோட்டுச் சில்லு பதில் சொல்கிறது. 1960-இல், மத்திய தரைக் கடலோரத்தில் யாவ்னே-யாம் அருகே இருந்த ஒரு சிறு கோட்டையின் வாயிற்பகுதியில் அது கிடைத்தது, காலம் கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அறுவடைக் கூலியாள் ஒருவன் கோட்டை அதிகாரிக்கு எழுதுவித்த மனு அது. அவன் பெயர் அதில் இல்லை. சொல்லப்பட்ட வேலையை முடித்து, தானியத்தை அளந்து சேர்த்துவிட்ட பிறகும், சோபாயின் மகன் ஓசாயாகு என்ற மேலாள் வந்து தன் வஸ்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான் என்கிறான். வெயிலில் தன்னோடு அறுத்த சகோதரர் அனைவரும் தனக்குச் சாட்சி சொல்வார்கள் என்கிறான். தன்மேல் குற்றமில்லை, வஸ்திரத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று கேட்கிறான். ஆமோஸுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் பிந்திய மனு இது; வேறு அரசின் நிலம்; பறித்தது கடனுக்காக அல்ல, வேலைக் கணக்கில் குறைகண்டுதான் என்று தோன்றுகிறது. அப்படியிருந்தும், ஒரு போர்வை ஒரு கூலியாளுக்கு எவ்வளவு பெரிய சொத்து, அது எவ்வளவு எளிதாகப் பறிபோனது என்பதை இதைவிட நேராகக் காட்டும் சான்று வேறில்லை.

இனி ஆமோஸின் காட்சிக்குத் திரும்பினால் அதன் தர்க்கம் தெளிவாகிறது. வஸ்திரத்தை இழந்தவன் இரவில் குளிரில் கடவுளை நோக்கி முறையிடுகிறான். அதே இரவில், அதே கடவுளின் பீடத்தடியில், அதே வஸ்திரத்தின்மேல் ஒருவன் படுத்து வழிபடுகிறான். இரண்டு குரல்களும் ஒரே செவிக்குப் போகின்றன. அவற்றில் எதைக் கேட்பது என்று கடவுள் ஏற்கெனவே சட்டத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார். ஆகவே பீடத்தடியில் இருப்பவனின் பூசை வெறுமனே பயனற்றது என்பதோடு நிற்கவில்லை. அது அவனுக்கு எதிரான சாட்சிப் பொருளாகிவிடுகிறது. வியாபாரிகளைப் பற்றி ஆமோஸ் சொல்வதும் இதே போக்குதான். அவர்கள் மாதப்பிறப்பையும் ஓய்வுநாளையும் மீறவில்லை. கடையை மூடிவைத்து முறைப்படி அனுசரிக்கிறார்கள். எப்போது முடியும், எப்போது தானியம் விற்கலாம், மரக்காலைச் சிறிதாக்கி எடைக்கல்லைப் பெரிதாக்கிப் பதரையும் சேர்த்துத் தள்ளலாம் என்பதே அவர்கள் உள்ளத்து நினைப்பு. யூதாவின் அகழ்வுகளில் வட்டமாக வழித்த சேக்கல் எடைக்கற்கள் பல கிடைத்துள்ளன. ஒரு சேக்கல் ஏறத்தாழ 11.3 கிராம். உள்ளங்கைக்குள் அடங்கும் இந்தக் கல்லில்தான் ஓய்வுநாளின் உண்மை சோதிக்கப்படுகிறது என்று ஆமோஸ் நினைத்தார்.

பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா இதற்கு என்ன மறுமொழி சொன்னான் என்பது கவனிக்கத்தக்கது. அவன் இறையியல் பேசவில்லை. இந்த மனிதன் சதி செய்கிறான் என்று அரசனுக்கு ஆளனுப்பினான். ஆமோஸிடம், உன் ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள், இது ராஜாவின் கோயில் என்றான். கோயில் யாருடையது என்பதில் அவனுக்குக் குழப்பமே இருக்கவில்லை. ஓசேயா இன்னும் கசப்பாக, மக்களின் பாவத்தை ஆசாரியர்கள் உணவாக்கிக்கொள்கிறார்கள் என்றார். பலியில் ஆசாரியனுக்குப் பங்கு உண்டு. பாவம் பெருகினால் பரிகாரம் பெருகும், பரிகாரம் பெருகினால் பங்கு பெருகும். குற்றம் செய்தவனைத் திருத்த வேண்டிய இடமே அவன் குற்றத்தால் வாழ்கிறது என்றால், கடவுளை நெருங்கும் வழி அடைபட்டது வெளியிலிருந்து அல்ல.

பலியையே இவர்கள் ஒழிக்கச் சொன்னார்கள் என்று வாதிடுகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது ஏசாயா புத்தகத்தின் முதல் அதிகாரத்தை. அதில் கடவுள் ஆட்டுக்கடாக்களின் தகனபலி போதும் போதும் என்கிறார். தூபம் அருவருப்பு என்கிறார். மாதப்பிறப்பும் ஓய்வுநாளும் சுமையாகிவிட்டன என்கிறார். இதோடு நிறுத்திக்கொண்டால் அவர்கள் வாதம் வென்றதுபோலத்தான் இருக்கும். ஆனால் அதே மூச்சில் ஜெபமும் தள்ளப்படுகிறது. நீங்கள் எத்தனை ஜெபம் பண்ணினாலும் கேட்க மாட்டேன் என்ற கருத்து அங்கே வருகிறது. பலியைக் கண்டித்ததால் பலி ஒழிந்தது என்றால், ஜெபத்தைக் கண்டித்ததால் ஜெபமும் ஒழிந்தது என்று சொல்ல வேண்டும். அப்படி யாரும் சொல்வதில்லை. காரணம் அடுத்த வரியிலேயே இருக்கிறது: நீட்டிய கைகளில் இரத்தம். கழுவிவிட்டு வாருங்கள், நியாயத்தைத் தேடுங்கள், அநாதைக்கு நீதி செய்யுங்கள், விதவைக்காக வழக்காடுங்கள் என்ற கட்டளையோடு அது முடிகிறது. ஏசாயா தன் அழைப்பைப் பெற்றதே கோயிலில்தான். உசியா இறந்த ஆண்டில் அவர் கண்ட தரிசனத்தில், அவருடைய உதட்டைச் சுத்தமாக்கிய நெருப்புத்தழல் பலிபீடத்திலிருந்து எடுக்கப்பட்டது. பீடத்தை வெறுத்தவர் தன் சுத்திகரிப்பைப் பீடத்திலிருந்து பெற்றதாகச் சொல்லியிருக்க மாட்டார்.

இதைவிடக் கடினமான இரண்டு இடங்கள் உள்ளன; அவற்றைச் சுற்றிப் போவது நேர்மையல்ல. வனாந்தரத்தில் நாற்பது வருடம் நீங்கள் எனக்குப் பலி கொண்டுவந்தீர்களா என்று ஆமோஸ் கடவுளின் பேரில் கேட்கிறார். எகிப்திலிருந்து உங்கள் பிதாக்களை அழைத்துவந்த நாளில் தகனபலியைப் பற்றி நான் கட்டளையிடவில்லை என்ற பொருளில் எரேமியா பேசுகிறார். இவற்றை இன்றைய பஞ்சாகமத்தோடு ஒத்துப்போகச் செய்வது எளிதல்ல. ஆசாரியச் சட்டங்கள் அவர்கள் முன் இன்றைய வடிவில் இருக்கவில்லை என்ற வெல்ஹௌசனின் வாதத்துக்கு இங்கே உண்மையான பலம் இருக்கிறது. அதை மறுக்க நான் காரணம் காணவில்லை. ஆனால் அதிலிருந்து பலி ஒழிப்புக்குத் தாவ முடியாது. எது முதலில் வந்தது என்பதுதான் அங்கே பேச்சு. பலி இல்லாமல் இருந்த காலத்திலும் கடவுள் இந்த மக்களோடு நடந்தார். ஆகவே பலியை நிறுத்தாமல் செலுத்தினாலே உறவு நிலைத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அடித்தளம் இல்லை. உறவுதான் பலியைத் தாங்குகிறது, பலி உறவைத் தாங்கவில்லை. எரேமியா ஆனதோத்தூர் ஆசாரியக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். கோயிலின் உட்புறம் தெரிந்தவரின் பேச்சு அது.

எரேமியாவின் கோயில் உரைதான் இந்த வாதத்தின் உச்சம் என்பேன். காலம் கி.மு. 609-ஐ ஒட்டியது. யோயாக்கீம் ஆட்சிக்கு வந்த புதிது. யோசியா என்ற நல்ல அரசன் மெகிதோவில் இறந்து, நாடு எகிப்தின் பிடிக்குள் போயிருந்தது. மக்களுக்கு மீந்த ஒரே தைரியம் எருசலேம் கோயில். கி.மு. 701-இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதாவின் அரணான நகரங்களைப் பிடித்தும் எருசலேமைப் பிடிக்காமல் திரும்பிய நினைவு, நூறாண்டுகளில் ஒரு கோட்பாடாகவே உறைந்துவிட்டது: கடவுளின் வீடு இங்கே இருக்கும்வரை நமக்குக் கேடு இல்லை. எரேமியா அந்த வீட்டின் வாசலில், வழிபட உள்ளே போகிறவர்களை மறித்து நின்றார். திருடுகிறீர்கள், கொலை செய்கிறீர்கள், பொய்ச்சத்தியம் செய்கிறீர்கள், பாகாலுக்குத் தூபம் காட்டுகிறீர்கள், பிறகு இங்கே வந்து நின்று தப்பித்தோம் என்கிறீர்கள் என்றார். இந்த வீடு கள்ளர் குகையாகிவிட்டதா என்று கேட்டார். குகைக்குள் கள்ளர் கொள்ளையடிப்பதில்லை. வெளியே கொள்ளையடித்துவிட்டு, பத்திரமாக ஒளிந்துகொள்ள அங்கே வருகிறார்கள். கோயிலுக்குள் நடந்த ஊழலை அல்ல, கோயில் தரும் பாதுகாப்பு உணர்வையே அவர் குற்றம் சாட்டினார். சான்றாக அவர் காட்டியது சீலோ. உடன்படிக்கைப் பெட்டி ஒருகாலத்தில் இருந்த தலம் அது. 1980-களின் தொடக்கத்தில் நடந்த அகழ்வுகளில், கி.மு. 11-ஆம் நூற்றாண்டில் அவ்வூர் பெருந்தீயில் அழிந்த தடயங்கள் வெளிப்பட்டன. எரேமியாவின் கேட்போருக்கு அதை நம்ப அகழ்வு தேவைப்படவில்லை. நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தொலைவில்தான் இருந்தது.

அதற்காக அவர் விசாரிக்கப்பட்டார். ஆசாரியரும் பிற தீர்க்கதரிசிகளும் மரணதண்டனை கேட்டார்கள். காப்பாற்றியது நாட்டின் மூப்பர் சிலரின் நினைவாற்றல்: எசேக்கியாவின் நாட்களில் மீகா இதே போலச் சீயோன் வயல்போல உழப்படும் என்றாரே, அரசன் அவரைக் கொன்றானா என்று கேட்டார்கள். சாப்பானின் மகன் அகீக்காம் துணை நின்றார். இதே செய்தியைச் சொன்ன உரியா என்ற இன்னொரு தீர்க்கதரிசிக்கு அந்தப் பாதுகாப்பு வாய்க்கவில்லை. எகிப்துக்குத் தப்பியோடியவரைப் பிடித்துவந்து யோயாக்கீம் வாளால் வெட்டினான். உண்மையான வழிபாடு எது என்ற கேள்வி அக்காலத்தில் உயிரை விலையாகக் கேட்டது.

இங்கே வேறொரு ஆட்சேபம் எழுகிறது. இதில் எபிரேயருக்கு மட்டும் உரியது என்ன? எகிப்திய அரசன் மெரிகாரேவுக்குச் சொல்லப்பட்டதாக உள்ள பழைய அறிவுரை நூலொன்று, தீயவன் தரும் காளையைவிட நேர்மையானவனின் குணத்தையே கடவுள் ஏற்கிறார் என்ற கருத்தை ஆமோஸுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் மாரி அரசன் சிம்ரிலிமுக்கு வந்த கடிதம் ஒன்றில், அலெப்போவின் ஆதாத் தெய்வத்தின் பேரில் பேசும் ஒருவர், அநீதிக்கு ஆளானவன் கூப்பிட்டால் எழுந்து அவன் வழக்கைத் தீர் என்று அரசனைப் பணிக்கிறார். ஆட்சேபம் சரியானதே. ஏழைக்கு நீதி செய்வதைத் தெய்வம் விரும்பும் என்ற எண்ணத்தை எபிரேயர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பழைய நூல்கள் பேசுவது அரசனிடம், அவனுடைய நன்மைக்காக. தீர்க்கதரிசிகளோ கடன் கொடுப்பவன், தானிய வியாபாரி, வழக்குத் தீர்க்கும் ஊர்ப் பெரியவர், சமாரியாவின் செல்வச் சீமாட்டிகள் என்று ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டார்கள். அதோடு, தங்கள் சொந்தக் கடவுளே தன் சொந்தக் கோயிலை இடித்துப்போடுவார் என்றும், அதற்குக் காரணம் ஏழையின் போர்வையும் எடைக்கல்லும் என்றும் சொன்னார்கள். இந்தத் துணிவுக்கு ஈடான ஒன்றை அந்தப் பழைய எழுத்துகளில் நான் காணவில்லை.

அப்படியானால் இவர்கள் சொன்னது கடவுளின் பெயரில் சமூகநீதி மட்டும்தானா? இதுவும் குறைப்பார்வை. நீதியையும் இரக்கத்தையும் சொல்லும் மீகா, அவற்றோடு கடவுளுக்கு முன் தாழ்மையாய் நடப்பதையும் சேர்க்கிறார். ஓசேயாவுக்கு இஸ்ரவேலின் பாவம் முதன்மையாக ஒரு மனைவி செய்த துரோகம். அவர் கேட்பது உறுதியான அன்பையும் கடவுளை அறியும் அறிவையும். நீதி செய்துவிட்டால் கடவுள் தேவையில்லை என்ற இடத்துக்கு இவர்களில் ஒருவரும் போகவில்லை. பாரசீகர் காலத்து மல்கியா இதை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறார். குருடும் முடமும் நோயுமான மிருகங்களைப் பலிக்குக் கொண்டுவருகிறீர்களே, அதை உங்கள் ஆளுநருக்குக் கொடுத்துப் பாருங்கள், ஏற்பானா என்று சினக்கிறார். சடங்கின் ஒழுங்கில் இவ்வளவு கண்டிப்பானவர், அதே சிறு நூலில், கூலியாளின் கூலியைப் பிடித்துவைக்கிறவர்களையும் விதவையை ஒடுக்குகிறவர்களையும் அந்நியனின் உரிமையைப் புரட்டுகிறவர்களையும் கடவுள் நெருங்கி வந்து நியாயம் விசாரிப்பார் என்கிறார். ஊனமான ஆடும் கொடுக்காத கூலியும் அவருக்கு ஒரே அவமதிப்பின் இரண்டு முகங்கள்.

கோயில் கி.மு. 586-இல் பாபிலோனியரால் எரிக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்களுக்குப் பின்னோ சில ஆண்டுகளுக்குப் பின்னோ, சீகேம், சீலோ, சமாரியா ஊர்களிலிருந்து எண்பது பேர் தாடியைச் சிரைத்து, ஆடையைக் கிழித்துக்கொண்டு, கையில் காணிக்கையும் தூபவர்க்கமும் ஏந்தி அந்த இடிபாட்டை நோக்கி வந்ததாக எரேமியாவின் புத்தகம் பதிவு செய்கிறது. வழியில் மிஸ்பாவில் அவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். புத்தகம் அவர்களைக் கண்டிக்கவில்லை. வழிபாட்டை அழிக்க வந்த நூலாக அது இருந்திருந்தால், இடிந்த கோயிலுக்குக் காணிக்கை கொண்டுபோனவர்களை அறியாமையின் உதாரணமாகவே காட்டியிருக்கும். பிறகு கி.மு. 518-இல், புதிய கோயில் பாதி எழும்பிய நிலையில், கோயில் எரிந்த மாதத்தில் அனுசரித்துவந்த உபவாசத்தை இனியும் தொடரவேண்டுமா என்று கேட்டுச் சிலர் எருசலேமுக்கு வந்தார்கள். முறையான சடங்குக் கேள்வி. சகரியா அதற்கு உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. எழுபது ஆண்டுகள் உபவாசித்தது எனக்காகவா என்ற கேள்வியைக் கடவுளின் பேரில் திருப்பிக் கேட்டுவிட்டு, விதவை, அநாதை, அந்நியன், ஏழை என்று பழைய பட்டியலையே மீண்டும் எடுத்து வைத்தார். அவர் கோயில் கட்டுமானத்தை முன்னின்று ஊக்குவித்தவர். அந்தக் கோயில் கி.மு. 515-இல் நிறைவுற்றது.

இந்த அளவுகோலை அதன் கடைசி எல்லைவரை கொண்டுபோனவர் ஏசாயா புத்தகத்தின் பிற்பகுதியில் பேசும் பெயர் தெரியாத ஒருவர். பீடத்தை நெருங்குவதற்குத் தகுதி நியாயமும் உண்மையும்தான் என்றால், பிறப்பால் வெளியில் நிற்பவரை எந்தக் காரணத்தால் தடுப்பது? நியாயத்தைக் கைக்கொண்டு, ஓய்வுநாளைக் காத்து, உடன்படிக்கையைப் பற்றிக்கொள்ளும் அந்நியனின் தகனபலிகளும் தம் பீடத்தின்மேல் ஏற்கப்படும் என்று கடவுளின் பேரில் அவர் அறிவித்தார். சட்டம் சபைக்குப் புறம்பாக்கிய அண்ணகருக்குக் கோயிலுக்குள்ளேயே ஒரு பெயரை வாக்களித்தார். இங்கே பலியும் நிற்கிறது, பீடமும் நிற்கிறது, மாறியது வாசல். ஆனால் அடுத்த நூற்றாண்டில் பாரசீக அரசின் ஆணையோடு எருசலேமுக்கு வந்த நெகேமியா, அந்த வாசலை அம்மோனியருக்கும் மோவாபியருக்கும் அடைத்தார். தொபியா என்ற அம்மோனியனின் தட்டுமுட்டுகளைக் கோயில் அறையிலிருந்து வெளியே எறிந்தார். அந்த முடிவுக்கு அவரை இட்டுச் சென்ற சூழல் என்ன, அவர் பக்கத்து நியாயம் என்ன என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.